மழைக்காட்டுப் பூங்காவில் அரை நாள்: முதலில் விலங்குகளா, செடிகளா?

கேள்வி: வெப்பமண்டல மழைக்காட்டு உயிரியல் பூங்காவும் தாவரவியல் பூங்காவும் ஒரே வளாகத்தில் அமைந்த இடத்திற்குக் குடும்பத்துடன் அரை நாள் செல்லவிருக்கிறோம். நண்பகலில் போய்வந்த நண்பர், இலைகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்கிறார். எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் நண்பர் போன நேரம்தான் சரியில்லை. மழைக்காட்டு விலங்குகளில் பல, வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கிவிடும்; பன்றி போன்ற உடலும் நீண்ட மூக்கும் கொண்ட டேப்பிர் பெரும்பாலும் இரவில் நடமாடுவது, கிப்பன் குரங்குகள் குரலெடுத்துப் பாடுவதோ காலையில். ஆகவே வாயில் திறந்தவுடன் நுழைந்து, முதல் இரண்டு மணி நேரத்தை விலங்குகளுக்கே ஒதுக்குங்கள். பத்து அடைப்புகளை அவசரமாகக் கடப்பதைவிட மூன்றின் முன் பத்துப் பத்து நிமிடம் பேசாமல் நிற்பது மேல். அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது சூரிய ஒளியில் சுமார் 2 சதவீதமே என்பதால், அங்குள்ள உயிர்கள் பலவும் மேற்கிளைகளில்தான் வாழ்கின்றன. எனவே கண்களை மேலே ஓட்டுங்கள். நச்சு அம்புத் தவளைகள் மட்டும் விதிவிலக்கு: அவை தரையருகே பகலிலேயே சுறுசுறுப்பாக இருக்கும். காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்தே அவற்றுக்கு நஞ்சு சேர்வதால், பூங்காவில் வளர்பவற்றிடம் அது இருப்பதில்லை.

வெயில் ஏறிய பின் செடிகளிடம் வாருங்கள். மரத்தடியில் பலகைபோல் விரியும் பலகை வேர்களும், மரக்கிளைகளைத் தொற்றி வளரும் ஆர்க்கிடுகளும், இலைக்குடுவையில் நீர் தேக்கும், அன்னாசிக் குடும்பத்துச் செடிகளான பிரோமிலியாடுகளும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. விக்டோரியா அமேசானிகா என்னும் பேரல்லி மட்டும் அந்தியில்தான் மலரும். முதல் இரவில் வெண்மையாகவும் மறுநாள் இரவில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் அந்தப் பூவைப் பகலில் கூம்பிய நிலையில் கண்டு ஏமாந்தவர்கள் ஏராளம். அதற்காகவே மாலையைத் தேர்ந்தால், விலங்குகளும் மறுபடி நடமாடத் தொடங்கியிருக்கும்.

மழைக்குக் குடையைவிட மழைக்கோட்டு வசதியானது. குறுகிய பாதையில் குடை பிறர் பார்வையை மறைக்கும். வழுக்காத அடிப்பகுதி கொண்ட மூடிய காலணி அவசியம். குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் வில்லையில் நீர் படியும் என்பதால், அரை மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும். கொசு விரட்டி பூசலாம். ஆனால் பட்டாம்பூச்சிக் கூடம் இருந்தால், நுழையுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள், அந்த மருந்து அவற்றைக் கொல்லக்கூடியது.