படித்தவர் என்ன செய்ய வேண்டும்? அலுவலக எழுத்து பற்றிக் கேள்வி பதில்

மின்னஞ்சல், அறிக்கை, குறிப்பு என்று அலுவலகத்தில் எழுத வேண்டியிருக்கும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இருபது ஆண்டுகளாக அடுத்தவர் அறிக்கைகளைத் திருத்தியே காலம் தள்ளியவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மரியாதையாகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் என் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வருவதில்லை. ஒன்றைப் பாருங்கள்: "வணக்கம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கடந்த கூட்டத்தில் விவாதிக்கப்பட்ட கொள்முதல் தொடர்பாக மூன்று நிறுவனங்களிடமிருந்து விலைப்புள்ளிகள் பெறப்பட்டு ஒப்பீட்டுப் பணி மேற்கொள்ளப்பட்டது. விவரம் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் மேலான கருத்து எதிர்பார்க்கப்படுகிறது."

பதில்: மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஐந்து இடங்களில் 'படு' வருகிறது, ஆள் ஒருவர்கூட வரவில்லை. யார் ஒப்பிட்டார், எது நல்லது என்று முடிவு செய்தார், யார் எப்போது என்ன செய்ய வேண்டும்? படித்தவர் இணைப்பைத் திறந்து, அட்டவணையைப் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு ஒரு 'கருத்தை' உண்டாக்க வேண்டும். அதை நாளைக்கு என்று ஒதுக்கிவைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

முக்கியமானதை முதலில் சொல்லி, இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம். அச்சு இயந்திரத்தை இரண்டாவது நிறுவனத்திடம் வாங்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். வியாழன் மாலைக்குள் நீங்கள் ஒப்புதல் தந்தால் வெள்ளிக்கிழமை கொள்முதல் ஆணையை அனுப்பிவிடுவேன். அவர்கள் விலை மூன்றில் நடுவானது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குப் பழுதுபார்ப்பு இலவசம். மற்ற இருவரும் ஓராண்டுதான் தருகிறார்கள். ஒப்பீட்டு அட்டவணையை இணைத்திருக்கிறேன்."

பொருள் வரியில் 'கொள்முதல் தொடர்பாக' என்பதற்குப் பதில் 'ஒப்புதல் தேவை, வியாழனுக்குள்: அச்சு இயந்திரம்' என்று போடுங்கள். அச்சு இயந்திரம், வியாழன், இரண்டாவது நிறுவனம் எல்லாம் என் கற்பனை. உங்கள் கடிதத்திலிருந்து அவற்றை எடுக்க முடியவில்லை, அதுதான் சிக்கலே.

கேள்வி: அப்படியானால் செயப்பாட்டு வினையே கூடாதா?

பதில்: கூடும். 'கிடங்கின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது' என்பதில் உடைத்தவர் யாரென்று தெரியாது, வேறு எப்படி எழுதுவது? செய்தவர் தெரிந்தும் மறைக்கும்போதுதான் வம்பு. அதைவிட எனக்கு எரிச்சல் தருவது 'மேற்கொள்' என்ற வினை. 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என்றால் 'ஆராய்ந்தோம்'. 'சரிபார்ப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது' என்றால் 'சரிபார்த்தோம்'.

கேள்வி: முக்கியமானதை முதலில் சொல் என்கிறீர்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது?

பதில்: நல்ல கேள்வி. ஆங்கிலத்துக்கான அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இந்த இடத்தில்தான் இடிக்கும். 'ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் என்பதாலும், பிரிவில் ஏற்கெனவே இருவர் விடுப்பில் இருப்பதாலும், மாற்று ஏற்பாடு செய்ய முடியாத நிலையில் தங்கள் விடுப்பு விண்ணப்பத்தை…' என்று போகும் வாக்கியத்தில், படிப்பவர் கிடைத்ததா இல்லையா என்று கடைசிச் சொல்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சொல் வரிசையை மாற்ற வேண்டாம், வாக்கியத்தை வெட்டுங்கள். 'இந்த வாரம் விடுப்புத் தர இயலவில்லை. ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டும். பிரிவில் ஏற்கெனவே இருவர் விடுப்பில் இருக்கிறார்கள். அடுத்த திங்கள் முதல் எடுத்துக்கொள்ளலாம்.' முதல் வாக்கியம் குட்டையாக இருந்தால் வினைமுற்று கடைசியில் இருந்தும் சீக்கிரம் வந்துவிடும்.

கேள்வி: நீளமாக எழுதினால்தான் உழைப்புத் தெரியும் என்கிறார் என் மேலாளர்.

பதில்: 1940 ஆகஸ்ட் 9 அன்று, போருக்கு நடுவில், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தம் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகள் நீண்டுகொண்டே போகின்றன, சிறு சிறு பத்திகளில் முக்கியமானதைச் சொல்லுங்கள், விரிவான ஆய்வையும் புள்ளிவிவரங்களையும் பின்னிணைப்பில் வையுங்கள் என்பது அதன் சாரம். உங்கள் மேலாளருக்கும் பின்னிணைப்பைக் காட்டுங்கள். முன்னால் ஒரு பக்கம், பின்னால் நாற்பது. உழைப்பும் தெரியும், படிப்பவரும் பிழைப்பார்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் அறிக்கையே கிடையாது, எல்லாம் ஸ்லைடுகள்தான். அவற்றுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: கூடுதலாகவே பொருந்தும். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கலம் விண்வெளியில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, பழைய சோதனைகளைப் பார்த்தால் கவலைப்படத் தேவையில்லை என்ற தொனியில் இருந்தது. பயமுறுத்தும் தகவல் அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், புள்ளிக்குள் புள்ளியாகக் கிடந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதோ 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். உயர் அதிகாரி ஒருவர் இந்த ஸ்லைடைப் படித்துவிட்டு, இது உயிராபத்து பற்றியது என்று உணராமல் போவது எளிது என்று விசாரணைக் குழு பின்னர் எழுதியது.

விபத்துக்கு அந்த ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஸ்லைடின் கடைசிப் புள்ளியை ஒருமுறை பாருங்கள். தலைப்பில் இருக்க வேண்டியது அங்கே ஒளிந்திருக்கலாம்.

கேள்வி: கோபத்தில் எழுதி அனுப்பிவிட்டு வருந்துகிறேன்.

பதில்: பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள். நான் கற்ற விதத்தைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எழுதி முடித்ததும் எதைப் பார்த்துத் திருத்துவது? எனக்கு எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது.

பதில்: எழுதிய சூட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். நம் இலக்கணக்காரர்கள் நூலுக்குப் பத்துக் குற்றங்கள் சொன்னார்கள். அவற்றில் மூன்று அலுவலகத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கின்றன. கூறியது கூறல்: முன்னுரையில் சொன்னதை முடிவுரையில் மறுபடி சொல்வது. மற்றொன்று விரித்தல்: பட்ஜெட் கேட்கப்போய்த் துறையின் வரலாறு எழுதுவது. சென்று தேய்ந்து இறுதல்: முதல் பக்கத்தில் முழங்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 'ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று அடங்கிப்போவது. எந்த 'ஆவன'?

அதன்பின் விஷயம் தெரியாத சக ஊழியர் ஒருவரிடம் கொடுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார். 'இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர் விழித்தால் முதல் பத்தியைத் திரும்ப எழுதுங்கள், மற்றவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.