சிலிண்டருக்கு ஒரு திராட்டில்: கேள்வி பதில்

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஓடற வண்டிகளுக்கு இன்ஜின் டியூன் பண்ணறேன். ஐடிபி, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திராட்டில் பாடி (ஆக்சிலேட்டரை மிதிச்சா திறந்து காத்தை உள்ள விடற கதவு) போடறதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லறேன்.

திருப்பூர்: அண்ணா, ஐடிபி போட்டா எத்தனை ஹெச்பி ஏறும்?

கேமும் (வால்வைத் திறந்து மூடற தண்டு) கம்ப்ரஷனும் கம்பெனியில வந்தபடியே இருந்தா பெருசா ஏறாதுங்க தம்பி. பலன் வேற இடத்துல இருக்குது. திராட்டில் வால்வுக்குப் பக்கத்துலயே இருக்கறதால மிதிச்ச நொடி இன்ஜின் கேக்கும். பெரிய கேம் போட்டா ஒரு சிலிண்டர் திருப்பித் தள்ளற காத்து அடுத்த சிலிண்டரைக் கெடுக்காது, ஐடிலும் நிக்கும். 1986 பிஎம்டபிள்யூ எம்3, 1991 டொயோட்டா 4ஏ-ஜிஇ 20 வால்வு இன்ஜின் எல்லாம் கம்பெனியிலயே இப்படித்தான் வந்துச்சு. முதல்ல கேம், அப்புறம் ஐடிபி.

ஈரோடு: கம்பெனி இசியூவே (பெட்ரோல் அளவை முடிவு பண்ணற கம்ப்யூட்டர்) போதுமா?

போதாதுங்க. தனி இசியூ, வைட்பேண்ட் சென்சார் (பெட்ரோலும் காத்தும் கலந்த அளவைப் புகையில பாத்துச் சொல்லறது) ரெண்டுக்கும் காசு எடுத்து வெச்சுட்டு மத்ததை வாங்குங்க.

சூலூர்: மாட்டினதுக்கப்புறம் பிரேக் கல்லு மாதிரி இருக்குதுங்ணா.

வண்டியை எடுக்காதீங்க. பிரேக் மிதியை லேசாக்கற பூஸ்டருக்கு இன்ஜின்ல இருந்து வாக்குவம் போகல. நாலு ரன்னர்ல (சிலிண்டருக்குக் காத்து போற வழி) இருந்தும் சின்னக் குழாய் எடுத்து ஒரு டப்பாவுல சேத்து, செக் வால்வு வழியா பூஸ்டருக்குக் குடுங்க. பெடலை மிதிச்சுப் பாக்காம யாரும் பட்டறை வாசலைத் தாண்டாதீங்க.

பொள்ளாச்சி: அந்த டப்பாவுலயே மேப் சென்சாரை (உள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது) மாட்டி, அதை வெச்சே பெட்ரோல் குடுக்கலாமே? ஆல்பா-என் எதுக்குங்க?

நல்ல கேள்விங்க. ஒரு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்ல ஒண்ணுலதான் காத்தை இழுக்குது. திராட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவுல இடம் கொஞ்சூண்டு. மீதி மூணு ஸ்ட்ரோக்ல அது வெளிக்காத்துல நெரம்பிரும். அதனால பாதி மிதிக்கறதுக்கு முன்னாலயே மேப் ரீடிங் உச்சிக்குப் பக்கத்துல போய் நின்னுக்கும். நீங்க இன்னும் மிதிக்க மிதிக்க காத்து ஏறும், ரீடிங் அசையாது. திராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வெச்சுப் பெட்ரோல் குடுக்கறதுதான் ஆல்பா-என். அதுக்கு இந்தத் தொல்லை இல்ல.

பொள்ளாச்சி: என்ற வண்டி ரெண்டு வருசமா மேப்லதான் ஓடுது.

சின்னத் திராட்டிலும் கம்பெனி கேமும் இருந்தா ஓடும். பாதி திராட்டில்ல வைட்பேண்ட் என்ன காட்டுதுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க.

கரூர்: எத்தனை ஹெச்பி ஏறும்ணா?

திருப்பூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

மேட்டுப்பாளையம்: ஆல்பா-என்ல கோயமுத்தூர்ல டியூன் பண்ணினேன். ஊட்டி ஏறினா கரும்புகை, பிளக் கறுத்துப் போகுது.

பொள்ளாச்சி: பாத்தீங்களா, அழுத்தம் தெரியாம எப்படி முடியும்?

இதுல பொள்ளாச்சிக்காரர் சொல்லறது சரிங்க. கோயமுத்தூர் 400 மீட்டர் உயரத்துக்குச் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. அங்க காத்தழுத்தம் இங்கிருக்கறதுல அஞ்சுல ஒரு பங்கு கம்மி. கோணமும் ஆர்பிஎம்மும் அதேதான், அதனால இசியூ அதே பெட்ரோலைத்தான் ஊத்தும். ஆனா அழுத்தம் அளக்க வேண்டியது ரன்னர்ல இல்ல, வெளிக்காத்துல. தனியா ஒரு பேரோ சென்சார் மாட்டி அதோட திருத்தத்தை ஆன் பண்ணுங்க. நானும் இதை முதல்லயே சொல்லியிருக்கோணும்.

தாராபுரம்: டீசல் வண்டிக்குப் போடலாமா?

பலனில்லீங்க. டீசல் இன்ஜின்ல சக்தியைக் கட்டுப்படுத்தறது ஊத்தற டீசலோட அளவு.

நாமக்கல்: ஹெச்பி எவ்வளவு...

மேல பாருங்க.

பல்லடம்: சத்தத்துக்காக ஃபில்டர் இல்லாம ஓட்டலாமுங்களா?

வேண்டாங்க. உங்கூர்க் காத்துல வர்ற மண்ணு நேரா சிலிண்டர் சுவத்தைத் தேய்ச்சுரும். ட்ரம்பெட்டை (திராட்டில் வாயில இருக்கற புனல்) மூடி ஏர்பாக்ஸ் கட்டி, உள்ள ஃபில்டர் வையுங்க. ரோட்டுல ஓட்டறவங்க, வண்டியை மாத்தி அமைக்கறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவையும் படிச்சுட்டு இறங்குங்க.

பொள்ளாச்சி: அந்த பேரோ சென்சாரை எங்க வைக்கறதுங்க?

டேஷ்போர்டுக்கு அடியில. இன்ஜின் சூடும் எதிர்க்காத்தும் அதுமேல படக்கூடாது. மாட்டினதும் சாவியை மட்டும் ஆன் பண்ணி, இன்ஜின் ஓடாதப்ப மேப் சென்சாரும் அதுவும் ஒரே அளவு காட்டுதான்னு பாருங்க.