படகுக் கேள்விகள்: 24,500 டொலர் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, பரி நகரில் 2013 மாடல் 19 அடி பௌரைடர் (முன்பக்கமும் இருக்கை உள்ள திறந்த படகு) ஒன்று பார்த்தேன். மேர்க்குரூசர் 4.3 லீட்டர் எஞ்சின், 410 மணித்தியாலம் ஓடியிருக்கிறது. 24,500 டொலர் கேட்கிறார். "புதுசு 60,000க்கு மேல், இது இனி விலை இறங்காது" என்கிறார். மூன்று கோடை ஓடிவிட்டு விற்றால் எவ்வளவு திரும்பி வரும்?
- ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: தம்பி, இனி இறங்காது என்று எந்தப் படகுக்கும் சொல்ல முடியாது. ஆனால் புதுப் படகு முதல் மூன்று நான்கு வருடத்தில்தான் வேகமாக விலை இழக்கும். பத்து வருடம் தாண்டினால் இறக்கம் மெதுவாகும். அந்தப் பெரிய நட்டத்தை வேறு யாரோ ஏற்கெனவே தாங்கிவிட்டார்கள். நன்றாக வைத்திருந்தால் மூன்று கோடைக்குப் பிறகு 19,000, 20,000 வரும் என்பது என் கணிப்பு.

அவர் அதை எந்த வருடம் வாங்கினார் என்று முதலில் கேளுங்கள். 2020, 2021 கொரோனாக் கோடைகளில் ஊரே ஏரிக்கு ஓடியது. பழைய படகுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதம் ஆனது. கடனில் வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். 2021இல் வாங்கியவர் என்றால் அன்று கொடுத்த காசையே இன்றும் கேட்பார். அந்தக் கணக்கு அவருடையது, உங்களுடையது அல்ல.

410 மணித்தியாலத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒன்ராறியோவில் மே முதல் ஒக்டோபர் வரைதான் ஓட்டம், ஆகவே இது சாதாரணம். நான் பயப்படுவது, உள்ளே இருக்கும் எஞ்சினின் சக்தியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும், பின்னால் தொங்கும் ஸ்டேர்ன் டிரைவுக்குத்தான். அதில் பெலோஸ் என்ற மடிப்பு ரப்பர் இருக்கிறது. அது வெடித்தால் தண்ணீர் உள்ளே போய், சுழல்தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் தின்னும். கவனிக்காவிட்டால் கட்டிவைத்த இடத்திலேயே படகு தாழும். கடைசியாக எப்போது மாற்றினார் என்று ரசீதோடு கேளுங்கள். பின்பலகையைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே மரம் ஊறியிருக்கலாம். அந்தப் படகை 10,000க்குத் தந்தாலும் வேண்டாம்.

அதே பின்பலகையின் வலப்பக்கம் 12 எழுத்தும் இலக்கமுமாக அடையாள எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். 13 இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். புளோரிடாவிலிருந்து வந்த படகா என்றும் விசாரியுங்கள். அங்கே கடலில் ஓடியிருந்தால், எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டை உப்புத் தண்ணீர் உள்ளிருந்தே அரிக்கும். நன்னீரான சிம்கோ ஏரியிலேயே வளர்ந்த படகு என்பதுதான் நாளைக்கு நீங்கள் விற்கும்போது பலமான வார்த்தை.

இன்னொன்று, இப்போது பலர் அவுட்போர்ட் எஞ்சினைத்தான், அதாவது முழு எஞ்சினும் படகுக்கு வெளியே பின்னால் தொங்குவதைத்தான் தேடுகிறார்கள். உங்கள் படகு விற்க நாளெடுக்கும். அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். ஆனால் அவுட்போர்ட் என்பதற்காக எவின்ரூட் என்ற பிராண்ட் பக்கம் போகாதீர்கள், 2020இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். சீ-டூ பிராண்டின் ஜெட் ஸ்போர்ட் படகுகளின் உற்பத்தியும் 2012உடன் முடிந்தது. இவை மலிவாக வரும், மலிவாகத்தான் போகும்.

21,000இல் தொடங்குங்கள். வருடா வருடம் குளிர்காலத்துக்கு எஞ்சினைத் தயார் செய்த ரசீதுகள் இருந்தால் 22,500 கொடுக்கலாம்.

கேள்வி: குளிர்காலத்தில் வாங்கினால் மலிவு என்கிறார்களே?
- ஒரு வாசகி, ஏஜக்ஸ்

பதில்: மலிவுதான் தங்கச்சி. ஒக்டோபர் வந்தால் பிளாஸ்டிக் சுற்றவும் நிறுத்திவைக்கவும் காசு போகும் என்று விற்பவர் இறங்கி வருவார். ஆனால் நான் மெக்கானிக்காக இருந்தும் என் முதல் படகை ஒரு பெப்ரவரியில், ஓட்டிப் பார்க்காமல் வாங்கினேன். மே மாதம் தண்ணீரில் இறக்கி இருபது நிமிடத்தில் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பழைய சொந்தக்காரர் எஞ்சினில் தண்ணீரை வடிக்காமல் விட்டிருக்கிறார். அது உறைந்து, எஞ்சினின் உலோக உடலான பிளாக் வெடித்துவிட்டது. படகின் விலையில் பாதி எஞ்சினுக்கே போனது. அந்தக் கோடை முழுக்கப் பிள்ளைகள் கரையில்தான் இருந்தார்கள்.

ஒக்டோபர் நடுவுக்குள், படகு இன்னும் தண்ணீரில் இருக்கும்போதே வாங்குங்கள். அது முடியாவிட்டால் முற்பணம் மட்டும் கொடுத்து, மே மாதம் ஏரியில் ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்த பிறகே மிச்சக் காசு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு ஒத்துவராதவரிடம் வாங்க வேண்டாம்.