செடியை வரைந்தவர் யார்?

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் தாவரவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் காட்டுவதற்காக ஐரோப்பாவின் பழைய மூலிகை நூல்களை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, ஓட்டோ புருன்ஃபெல்ஸ் 1530இல் வெளியிட்ட நூல் கிடைத்தது. அதிலுள்ள ஆம்பல் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நான் பார்த்த பதிவில் ஆசிரியர் பெயர் இருந்தது, அச்சிட்டவர் பெயர் இருந்தது, வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை. இத்தனை காலம் கழித்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

வரைந்தவர் ஹான்ஸ் வைடிட்ஸ். நீங்கள் பார்த்த நூலுக்குள்ளேயே அந்தப் பெயர் இருக்கிறது. முன்பகுதியில் ஒரு லத்தீன் செய்யுள் வரும். யோஹான்னஸ் குய்டிக்டியஸ் என்ற ஓவியரை, பழைய கிரேக்கத்தின் அப்பெல்லிஸுக்குக் குறையாதவர் என்று அது புகழ்கிறது. வைடிட்ஸ் என்ற ஜெர்மன் பெயரை அந்தக் கால அறிஞர்கள் தங்கள் வழக்கப்படி லத்தீனாக்கியதால் வந்த உருவம் அது. வாழ்த்துப்பா தானே என்று நாம் தாண்டிப்போகிற பக்கத்தில்தான் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பழைய நூல்களில் பெயர் தேடுகிறவர்களுக்கு முகப்புப் பக்கத்தைவிட முன்னுரைகளும் வாழ்த்துப்பாக்களும்தான் அதிகம் கைகொடுக்கும்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் அந்த நூலிலேயே இருக்கிறது. புருன்ஃபெல்ஸின் உரையைப் படித்தால் பெரும்பகுதி டயாஸ்கோரிடிஸ், பிளினி போன்ற பழைய கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் சொன்னதன் தொகுப்பு. அவர்கள் எழுதியது மத்தியதரைக்கடல் பகுதிச் செடிகளைப் பற்றி. வைடிட்ஸ் வரைந்ததோ ரைன் ஆற்றங்கரையில், ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்தில் முளைத்த செடிகளை. எழுத்து ஒரு நாட்டுச் செடியைச் சொல்ல, படம் வேறொரு நாட்டுச் செடியைக் காட்டுகிறது. வாடிய இலை, பூச்சி அரித்த ஓரம், ஒடிந்து தொங்கும் காம்பு எல்லாம் அவர் கண்ணெதிரே இருந்தபடியே வரையப்பட்டிருக்கின்றன. நூலில் புதிதாக இருந்த அறிவு ஓவியருடையது என்றே நான் சொல்வேன். தலைப்பும் அதைத்தான் ஒப்புக்கொள்கிறது: 'செடிகளின் உயிருள்ள உருவங்கள்'.

குஷென்ஷெல் என்று ஊர் மக்கள் அழைத்த ஊதா நிறப் பூச்செடி ஒன்று அந்த நூலில் வருகிறது. பழைய நூல்களில் அதற்கு லத்தீன் பெயர் கிடைக்காததால் புருன்ஃபெல்ஸுக்கு அதைச் சேர்க்க மனமில்லை. ஓவியரும் அச்சுக்காக மரக்கட்டையில் செதுக்குபவரும் தந்த வேகத்துக்குத் தான் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டேதான் சேர்க்கிறார். அறிஞரின் பட்டியலில் இல்லாத ஒரு செடி, ஓவியர் வரைந்துவிட்டார் என்பதற்காகவே நூலுக்குள் வந்தது. இந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மரக்கட்டை அச்சில் ஓவியரின் கைவேலை மிஞ்சுவதில்லை. கட்டையின் மேல் வரைந்த கோட்டைச் சுற்றிச் செதுக்கும்போதே வரைந்தது போய்விடும். அதனால் வைடிட்ஸின் செடி ஓவியங்கள் எதுவும் நம் கைக்கு வராது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் 1930களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தாவரவியலாளர் வால்தர் ரிட்ஸ், பாசெல் மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் 16ஆம் நூற்றாண்டில் சேர்த்துவைத்த உலர்செடித் தொகுப்பை ஆராய்ந்தபோது, காய்ந்த செடிகளோடு ஒட்டப்பட்டிருந்த நீர்வண்ணப் படங்கள் அந்த நூலுக்கு வைடிட்ஸ் வரைந்த மூலங்கள் என்று கண்டார். 1529இல் வரைந்தவை. பிளாட்டர் அவற்றை உருவத்தின் விளிம்போடு கத்தரித்து ஒட்டியிருந்தார். தாளின் இரண்டு பக்கமும் படம் இருந்ததால், ஒரு பக்கத்தைக் காப்பாற்றிய கத்தரி மறுபக்கத்தைச் சிதைத்துவிட்டது. இருந்தும் அவர் ஒட்டிவைத்ததால்தான் இவ்வளவாவது பிழைத்தது.

வைடிட்ஸ் பெயரைச் சுற்றி இன்னொரு சர்ச்சையும் உண்டு. 1532இல் ஆக்ஸ்பூர்க்கில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்காவின் நூலொன்று 250க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களோடு ஜெர்மனில் வந்தது. வரைந்தவர் யாரென்று தெரியாமல் நெடுங்காலம் அந்த ஊர் ஓவியர் ஹான்ஸ் புர்க்மைர் பெயரில் அவை சேர்ந்தன. பிறகு 'பெட்ரார்க்கா ஓவியர்' என்று ஒரு காரணப்பெயர் சூட்டினார்கள். கலை வரலாற்றாளர் ஹைன்ரிக் ரோட்டிங்கர் 1904இல் கோடுகளின் போக்கை ஒப்பிட்டு, அவரும் வைடிட்ஸும் ஒருவரே என்றார். இதை எல்லோரும் ஏற்கவில்லை. நடை ஒற்றுமையை மட்டும் நம்பிப் பெயர் சூட்டுவதில் எனக்கும் தயக்கம் உண்டு. பெர்னில் கிடைத்ததுபோல் ஒரு தாள் கிடைத்தால் ஒழிய மனம் ஒப்பாது.

நீங்கள் தேடப் போகிறீர்கள் என்றால், செப்புத்தகட்டுப் படங்களில் தொடங்குங்கள், அது சுலபம். படத்தின் அடியில் இடது மூலையில் 'டெல்' என்று முடியும் பெயர் பெரும்பாலும் வரைந்தவருடையது. வலது மூலையில் 'ஸ்கல்ப்' என்று முடிவது தகட்டில் செதுக்கியவருடையது. பெயருக்குப் பதில் இரண்டு எழுத்துகள் பின்னிக்கிடந்தால் நாக்லர் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஐந்து தொகுதி முத்திரையெழுத்து அகராதி இருக்கிறது. ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின் அச்சகத்தில் ஓவியர்களுக்குக் கூலி கொடுத்த கணக்குப் புத்தகங்கள்கூட மிஞ்சியிருக்கின்றன. அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

அதற்கு முன் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் பாசெலில் வெளியிட்ட மூலிகை நூலைத் திறந்து, நேரே கடைசிக்குப் போங்கள். அங்கே ஒரு படத்தில் மூன்று பேர் இருப்பார்கள். ஆல்பிரெக்ட் மேயர் எதிரே நிற்கும் செடியைப் பார்த்து வரைகிறார். ஹைன்ரிக் ஃபுல்மாவ்ரர் அதைக் கட்டைக்கு மாற்றுகிறார். கட்டையைச் செதுக்கிய ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே கீழே இருக்கிறார். மூவரின் பெயரும் அச்சில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை உங்கள் கணவருக்கும் காட்டுங்கள்.