பழம் இருந்தால் சத்துணவா?

கேள்வி: பிலிப்பைன்ஸ் நாட்டவர் மாலையில் விரும்பிச் சாப்பிடும் ‘துரோன்’ என்ற பொரித்த சுருளில் வாழையும் பலாவும் இருப்பதால், அதைக் குழந்தைகளுக்கு ஏற்ற சத்தான சிற்றுண்டி என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. துரோன் அருமையான பலகாரம். அதற்குச் சத்துணவு என்று பெயர் சூட்டுவதுதான் தவறு. செய்முறையைப் பாருங்கள். பழுத்த சபா வாழையை நீளவாக்கில் அரிந்து, பழுப்புச் சர்க்கரையில் புரட்டி, ஒரு கீற்றுப் பலாச்சுளையோடு லும்பியா என்னும் மெல்லிய மாவுத்தாளில் சுருட்டி, காய்ந்த எண்ணெயில் இடுகிறார்கள். எண்ணெயிலேயே மேலும் சர்க்கரையைத் தூவ, அது உருகிப் பாகாகி, புரட்டப் புரட்டச் சுருளின் மேல் பற்றிக்கொண்டு, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. கடித்தால் மேலோடு நொறுங்கும். உள்ளிருந்து பலாவின் மணம் ஆவியோடு எழும்.

சபா நம் மொந்தனைப் போல மாவுச்சத்து மிகுந்த இனம் என்பதால்தான் எண்ணெயில் குழையாமல் நிற்கிறது. அதன் பொட்டாசியமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் தங்கிவிடும். வைட்டமின் சி சூட்டில் குறையும். ஆனால் கிராமுக்கு 9 கலோரி தரும் எண்ணெயும் 4 கலோரி தரும் சர்க்கரையும் அதைச் சூழ்ந்திருக்கின்றன. பழத்துக்குள் இயல்பாக உள்ள இனிப்பை விட்டுவிட்டு, நாம் சேர்க்கும் சர்க்கரையை அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பழுப்புச் சர்க்கரைதானே என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. அதிலுள்ள தாது உப்புகள் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

பிறகு ஏன் அந்த மக்கள் அதை இவ்வளவு நேசிக்கிறார்கள்? மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவே வரும் ‘மெரியெண்டா’ வேளையில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் வேலை நடுவே ஓய்ந்து நிற்கும் தொழிலாளிக்கும் சில பெசோவில் பசியாற்றுவது அது. அந்த வேளையின் பெயரும் பலகாரத்தின் பெயரும் ஸ்பானியர் விட்டுச் சென்றவை. மாவுத்தாள் சீனக் குடியேறிகள் கொண்டுவந்தது. வாழையும் பலாவும் அந்த மண்ணில் விளைபவை. மூன்று வழி வந்தவை ஒரே வாணலியில் கூடிய பண்டத்துக்கு, சத்துப் பட்டியலைக் காட்டிப் பெருமை தேடித் தர வேண்டியதே இல்லை.

குழந்தைக்கு எப்போதாவது ஒன்று, சூடாகக் கொடுங்கள். சத்துதான் வேண்டுமென்றால், அதே சபாவைத் தோலோடு வேகவைத்து உரித்துத் தின்னும் வழக்கமும் பிலிப்பைன்ஸில் உண்டு. அதற்கு எண்ணெயும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.