முதலில் குழலைச் சூடாக்குங்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு புல்லாங்குழல் பற்றியவை. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அதைக் கேட்ட தாய்க்கு அவ்வளவும் தேவைப்படும்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு 11 வயது. குழல் அவளுக்கு நன்றாக வரும் என்று சங்கீத டீச்சர் சொல்கிறார். மாத்தளைத் தேரில் வாங்கிய குழல் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது போதுமா, வேறு வாங்க வேண்டுமா? கடையில் நின்று எதைப் பார்ப்பது? குழல் செய்கிறவர் நம்பிக்கையானவரா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
(கொழுந்து பறிக்கும் ஒரு தாய், பொகவந்தலாவை)

பதில்: அம்மா, தேர்க்குழலைப் பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்துவிடாதீர்கள். உதடு வைக்கவும் காற்றைப் பிடிக்கவும் அதில் பழகட்டும். ஆனால் சரளி வரிசையை, அதாவது முதல் ஸ்வரப் பாடத்தை, அதில் ஆரம்பிக்க வேண்டாம். அந்தக் குழல்களில் பெரும்பாலும் கண்ணுக்கு அழகாகத் துளை போட்டிருப்பார்கள். காதால் கேட்டு, அரம் வைத்துச் சரிசெய்திருக்க மாட்டார்கள். பிசகிய ஸ்வரத்தில் மூன்று மாதம் வாசித்த பிள்ளையின் காதைத் திருப்பி எடுக்க ஒரு வருடம் பிடிக்கும். 28 வருடம் பாடசாலைகளில் சங்கீதம் படிப்பித்ததில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாங்கப் போகுமுன் டீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனை துளைக் குழல் வேண்டும்? கர்நாடக சங்கீதத்துக்கு, ஊதும் துளையைத் தவிர, எட்டுத் துளைகள். நம் நகரத்துக் கடைகளில் அதிகம் தொங்குவது ஆறு துளைக் குழல். சிங்களத்தில் பட்டநலாவ என்பார்கள். வட இந்திய முறைக்கு அது சரியான குழல்தான், ஆனால் விரல் வைக்கும் முறையே வேறு. தெரியாமல் அதை வாங்கிக் கொடுத்து, பிள்ளைக்கும் டீச்சருக்கும் இடையில் மனக்கசப்பு வந்த வீடுகள் உண்டு.

அப்புறம் சுருதி, அதாவது குழலின் ஆதார ஸ்வரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். 5 கட்டை அல்லது 5½ கட்டை கேளுங்கள். 5 கட்டைக் குழல் ஏறத்தாழ 15 அங்குலம் இருக்கும். 11 வயதுப் பிள்ளையின் விரல்கள் எட்டும். பெண்பிள்ளைகள் பலர் பாடும் சுருதியும் அதை ஒட்டியதுதான், ஆகவே பாடிவிட்டு அப்படியே வாசித்துப் பார்க்கலாம். கட்டாயம் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுடைய விரல் சதை ஒவ்வொரு துளையையும் இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்று அவள் கையில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

கண்ணால் பார்ப்பது கொஞ்சம்தான். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். நேராகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். மயிரிழை போல வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தடித்த வர்ணம் பூசிய குழலை நான் வாங்குவதில்லை, வெடிப்பு அதற்குள்ளே ஒளிந்துகொள்ளும். வண்ண நூல் சுற்று அழகுக்கு மட்டுமல்ல, மூங்கில் பிளக்காமல் பிடித்துக்கொள்ளும் கட்டு அது.

மற்றதெல்லாம் காது. டீச்சரையோ வாசிக்கத் தெரிந்த ஒருவரையோ உடன் அழைத்துப் போங்கள். ஆதார ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியை வைத்து, விரல் துளைகளில் மேலிருந்து முதல் இரண்டை மூடி ஸட்ஜம் (ஸ) ஊதச் சொல்லுங்கள். அதே விரலில் காற்றை அழுத்தினால் மேல் ஸட்ஜம் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று சேர வேண்டும். பஞ்சமத்தையும் (ப) இப்படியே பார்க்கலாம். கீழே சரியாக நின்று மேலே பிசகினால், பெரும்பாலும் ஊதும் பக்கத்துத் தக்கை இடம் மாறியிருக்கும், அல்லது உள்ளே குழாய் ஒரே அளவில் இல்லை. கடைசியாக விரல் வைக்கும் துளைகளை எல்லாம் மூடி ஆகக் கீழ் ஸ்வரத்தை மெதுவாக ஊத வேண்டும். நல்ல குழலில் அது தயங்காமல் வரும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், நம் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது. நான் ஒரு மனிதரை அநியாயமாகத் திட்டி அதைக் கற்றுக்கொண்டேன்.

நுவரெலியாவில் படிப்பித்த காலம் அது. மட்டக்களப்புப் பக்கத்தில் குழல் செய்யும் ஒருவரிடம் 5 கட்டைக்குச் சொல்லி வைத்திருந்தேன். தை மாதத்தில் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருக்க, சுருதிப் பெட்டியைப் போட்டு ஊதினேன். குழல் சுருதிக்குக் கீழேயே நின்றது. பாடசாலைக்குப் போகிற வழியிலேயே கோபமாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. கோபமில்லை. அங்கே காலையில் குளிர் எவ்வளவு என்று முதலில் கேட்டிருந்தார். குழலைப் பத்து நிமிடம் கக்கத்தில் வைத்திருந்து, பிறகு சும்மா காற்றை உள்ளே ஊதிச் சூடாக்கி, அதற்கப்புறம் வாசித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். அப்படியும் சேராவிட்டால் திருப்பி அனுப்பும்படியும், வேறொன்று செய்து தருவதாகவும் எழுதியிருந்தார். அவர் சொன்னபடி செய்தேன். குழல் மெல்ல மெல்ல ஏறி வந்து சுருதியோடு ஒட்டியது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

காரணம் இதுதான். காற்று சூடாக இருந்தால் ஒலி அதில் வேகமாகப் போகும், குழலின் சுருதியும் ஏறும். 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர். 14 பாகைக் குளிரில் 340 தான். கணக்குப் போட்டால் அரைக் கட்டையில் கிட்டத்தட்ட பாதி இறங்கிவிடும். வாசிக்க வாசிக்க மூச்சுச் சூட்டில் பெரும்பகுதி சரியாகும். மலை உயரம் என்பதால் இறங்குவதில்லை, குளிர்தான் இறக்குகிறது. ஆகவே கீழ்நாட்டில் செய்த குழலை இங்கே குளிரக் குளிர ஊதிப் பார்த்து, செய்தவரைக் குறை சொல்லாதீர்கள். பொகவந்தலாவையிலும் காலைக் குளிர் லேசுப்பட்டதல்ல.

இனி செய்கிறவர். அந்த மனிதரை அடுத்த விடுமுறையில் நேரில் போய்ப் பார்த்தேன். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு கூடை நிறைய ஒதுக்கிய குழல்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கி, விரல் வைக்கும் துளைகளை எல்லாம் மூடிக் கீழ் ஸ்வரத்தை ஊதிக் காட்டினார். ஒரு கணம் இருமியது போல் தடங்கி வந்தது. விலையைக் குறைத்து விற்கலாமே என்றேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை அழும் என்றார். அதனால்தான், ஒதுக்கி வைத்த குழல் என்று ஒன்றைக்கூடக் காட்டாத ஆளிடம் வாங்க எனக்கு மனம் வருவதில்லை. மூங்கில் இயற்கையாக வளர்வது. ஒருவர் செய்த குழல் அத்தனையும் நன்றாக வந்துவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்லவர் விலை சொல்லுமுன் கேள்வி கேட்பார். யார் வாசிக்கப் போவது, வயது என்ன, என்ன சுருதியில் பாடுகிறாள், யார் படிப்பிக்கிறார்கள், எந்த ஊர். உங்கள் முன்னால் தானே ஊதிக் காட்டுவார். ஒரு மாதத்துக்குள் டீச்சர் பிழை சொன்னால் திருப்பித் தரலாமா என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். இவ்வளவும் சங்கீதம் தெரியாத ஒருவரே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை, அம்மா. கொழுந்தை நிறுக்கும்போது தராசைப் பார்க்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அதே கண்ணால் இவரையும் பாருங்கள்.

கேள்வி: மஸ்கெலியாவில் இருந்த அண்ணன் தந்த குழல் பண்டாரவளைக்குக் கொண்டுவந்த இரண்டாவது மாதம், ஆகஸ்டில், வெடித்துவிட்டது. செய்தவர் ஏமாற்றிவிட்டாரா?
(ஒரு மாணவர், பண்டாரவளை)

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. மஸ்கெலியாவில் மழை கொட்டுகிற அதே மாதங்களில்தான் உங்கள் ஊவாப் பக்கம் வறண்ட காற்று அடிக்கிறது. ஊவாத் தேயிலைக்கு அந்தக் காற்று நல்லது, மூங்கிலுக்கு ஆகாது. வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும்போது, உள்பக்கம் மூச்சு ஈரத்தில் ஊறி விரியும். நாரோடு நீளவாக்கில் பிளந்துவிடும். சரியாகக் காயாத மூங்கிலில் செய்திருந்தால் இன்னும் சீக்கிரம் பிளக்கும். ஆகவே மூங்கில் எவ்வளவு காலம் காய்ந்தது என்று அவரிடம் கேட்பது நியாயமான கேள்விதான்.

வெடிப்பு ஊதும் துளையைத் தொடாவிட்டால், மெல்லிய பசையை விட்டு, மெழுகு தடவிய நூலால் இறுக்கிச் சுற்றலாம். தொட்டுவிட்டால் வேறு குழல்தான். இனிமேல் வாசித்து முடித்ததும் உள்ளே துணியால் துடையுங்கள். பொலித்தீன் பையில் போடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பை போதும். அடுப்புக்கு மேலேயும் செருக வேண்டாம். மாதம் ஒருமுறை உள்ளே எண்ணெய் தடவலாம். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், மலையில் அது துளை ஓரத்தில் கட்டியாக நிற்கும். நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவுங்கள்.

கேள்வி: என். ரமணி வாசித்தது போன்ற நீளக் குழலில் தொடங்கலாமா?
(தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தொடங்க வேண்டாம். ரமணி (1934–2015) நீளக் குழலைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் மாலி (1926–1986) என்ற பெரிய குருவிடம் குழலைக் கரைத்துக் குடித்த பிறகு எடுத்துக்கொண்ட குழல் அது. துளைகளின் இடைவெளி அகலம், காற்றும் அதிகம் வேண்டும். ஆரம்பப் பாடங்களுக்குப் பிறகு வரும் வர்ணம் என்ற உருப்படிகள் கையில் நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் ஆற்றோரத்தில் மூங்கில் இருக்கிறது. நானே குழல் செய்ய ஆசை.
(ஓர் இளைஞர், பசறை)

பதில்: செய்யுங்கள் தம்பி, எனக்குச் சந்தோஷம். பேராதனைப் பூங்காவில் நிற்கிற மாதிரிப் பருத்த மூங்கில் உதவாது. சுண்டுவிரல் தாராளமாக நுழையும் துவாரமும், இரண்டு கணுவுக்கு நடுவே ஒன்றரை அடி நீளமும் உள்ளதைத் தேடுங்கள். முற்றிய மூங்கிலை வெட்டி, நிழலில் ஒரு வருடமாவது காய வையுங்கள். துளைகளை முதலில் சிறிதாகப் போட்டு, சுருதியைக் கேட்டுக் கேட்டு அரத்தால் விரியுங்கள். விரித்தால் ஸ்வரம் ஏறும். கூடிப்போனால் இறக்குவதற்கு ஓரத்தில் மெழுகு வைப்பதைத் தவிர வழியில்லை. மூங்கில் காய்கிற வரைக்கும் அரை அங்குல பிவிசி குழாயில் கை பழகுங்கள். அது கெட்டாலும் நட்டமில்லை. முதல் குழல் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த ஸ்வரம் எவ்வளவு பிசகுகிறது என்பதையும் சேர்த்து.