விசாரணை கேட்டால் கூடுதல் தண்டனையா?

அன்புள்ள சார்,

என் பைக் திருடுபோய் மூன்று வருடம் ஆகிறது. பிடிபட்டவன் ஒத்துக்கொள்ளாமல் கேஸ் நடத்துகிறான். சாட்சி சொல்ல லீவு போட்டுவிட்டு நான் அலைகிறேன். ஒத்துக்கொள்கிறவனுக்குக் குறைத்தும், இப்படி இழுத்தடித்துத் தோற்கிறவனுக்குக் கூட்டியும் தண்டனை கொடுத்தால் என்ன தப்பு?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அலைச்சலை நினைத்தால் எனக்கும் கோபம்தான் வருகிறது. ஆனால் நீங்கள் கேட்பது ஆபத்தானது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசு. நிரூபி என்று சொன்னதற்கே தண்டனை ஏறும் என்றால், அப்புறம் அது என்ன உரிமை?

இதை முழுசாகச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. கென்டக்கியில் பால் ஹேய்ஸ் என்பவர் மீது 88 டாலர் 30 சென்ட்டுக்குப் போலி செக் கொடுத்ததாக வழக்கு. ஒத்துக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், கோர்ட்டுக்கு விசாரணைச் சிரமம் வைத்தால் உன் பழைய தண்டனைகளைக் காட்டி ஆயுள் வருகிற மாதிரி புதுக் குற்றச்சாட்டு கொண்டுவருவேன் என்று அரசு வக்கீல் நேராகவே சொன்னார். ஹேய்ஸ் மறுத்தார், ஆயுள் கிடைத்தது. 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம் நான்கு பேர் மறுபக்கம் என்று பிரிந்து, அது செல்லும் என்றது. ஒத்துக்கொள்கிறவனுக்குச் சலுகைதானே என்பார்கள். ஆடி மாதத்தில் விலையை ஏற்றி ஒட்டிவிட்டுத் தள்ளுபடி கொடுக்கிற மாதிரியான சலுகை அது.

ஒத்துக்கொண்டால் குறைந்த தண்டனை என்கிற இந்த பேரத்தையே நம் உச்ச நீதிமன்றம் 1980இல் ஏற்கவில்லை. நீண்ட விசாரணைக்குப் பயந்து நிரபராதியும் ஒத்துக்கொண்டுவிடுவான் என்றது, எவ்வளவு சரியான பயம் பாருங்கள். ஆனாலும் 2006இல் அது சட்டமாக அமலுக்கு வந்தது, பெரும்பாலும் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு.

இங்கே தண்டனை தீர்ப்பில் ஏறுவதைவிட காத்திருப்பில்தான் ஏறுகிறது. உங்கள் கேஸையே எடுத்துக்கொள்வோம். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம். முதல் தடவை சிக்கியவன் பேரம் பேசி ஒத்துக்கொண்டால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஆறு மாதம் கொடுக்கலாம் என்கிறது 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டம். ஜாமீன்தாரர் கிடைக்காமல் புழல் சிறையில் ஆறு மாதம் ரிமாண்டில் கிடந்தவனுக்கு அந்த நாட்கள் கழிந்துபோகும், வீட்டுக்குப் போகலாம். நான் திருடவில்லை என்று நின்றால்? அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கான ஒரு வருடம் உள்ளே இருந்த பிறகுதான், ரிமாண்டில் கிடந்த நாளைக் கணக்குப் பார்த்து விடுவிக்கிற சட்டப்பிரிவு அவனுக்கு உதவும். வெளியே குடும்பம் வாடகைக்குத் தவிக்கும்போது எத்தனை பேர் நிரபராதி என்று உறுதியாக நிற்பார்கள்?

சைதாப்பேட்டை கோர்ட்டில் ஒரு காலை நின்று பாருங்கள். டவாலி கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பிடிவாரண்ட் வரும் என்பதால் கொத்தனாரும் ஆட்டோக்காரரும் கூலியை விட்டுவிட்டு மத்தியானம் வரை காத்துக்கிடப்பார்கள், கடைசியில் விசாரணை அதிகாரி வரவில்லை என்று அடுத்த வாய்தா போடுவார்கள். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அந்தத் தண்டனை பின்னால் வேலைக்கான போலீஸ் வெரிஃபிகேஷனில் வந்து நிற்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

உங்களை அலையவிடுவதும் இதே வாய்தாதான். அடுத்த முறை போகும்போது சாட்சிகளுக்குக் கொடுக்கிற படிப்பணத்தைக் கேளுங்கள், உங்களை அன்றைக்கே விசாரித்து அனுப்பும்படி அரசு வக்கீலிடம் சொல்லுங்கள். அந்தப் பையன் ஜாமீன் கிடைக்காமல் உள்ளேயே இருக்கிறானா என்பதையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.